கூச்சக்காரனின் காதல்

காதல் நாவல்களைத் திருத்துவது என் தொழில். அதிலும் குறிப்பாக, இரண்டு ஆண்கள் காதலித்துக் கடைசி அத்தியாயத்தில் ஒன்றாக வாழத் தொடங்கும் ஆங்கில நாவல்கள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ யாரோ எழுதுகிறார்கள். பல்லாவரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் அதை வரிவரியாகப் பார்க்கிறேன்.

சென்னையில் இது அதிசயமான வேலை அல்ல. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பக்க வடிவமைப்பும் பிழைதிருத்தமும் பல ஆண்டுகளாக இந்த ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆங்கில எம்.ஏ. முடித்த எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட தொழில் இது. நான் மருத்துவ ஆய்விதழ்களில் தொடங்கினேன். அட்டவணையில் தசமப்புள்ளி இடம் மாறியிருக்கிறதா, நூற்பட்டியலில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கூட வேலை பார்த்த ஓர் அக்கா பிற்பாடு தனியாகத் தொழில் தொடங்கினார். "உனக்குப் பொறுமை இருக்கு. கதை பார்க்கிறியா?" என்று கேட்டு ஒரு கோப்பை அனுப்பினார். திறந்தால், ஒரு சின்ன ஊரின் நூலகர். முப்பது வயது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். நூலகத்து அலமாரிகளைச் சரிசெய்ய வரும் தச்சன்மேல் அவனுக்குக் காதல்.

அன்றிரவு ஒரு திருத்தமும் போடாமல் அந்த நாவலை முழுதாகப் படித்தேன். என்னைப் போன்ற ஒருவன் கதையின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இந்த வகை நாவலுக்கு மீறக்கூடாத விதிகள் இரண்டுதான். கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும். முடிவு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கமே தன் இலக்கணத்தை அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஆண் பெண் காதலுக்கு இரண்டாவது சாதாரண விதியாகத் தெரியலாம். ஆண் ஆணைக் காதலிக்கும் கதைக்கு இது போராடிப் பெற்ற உரிமை. இ.எம். ஃபார்ஸ்டர் 1913-இல், டெர்பிஷயரின் மில்தோர்ப் கிராமத்தில் எட்வர்ட் கார்ப்பென்டர் தன் துணைவர் ஜார்ஜ் மெரிலுடன் வாழ்ந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு 'மாரிஸ்' நாவலை எழுதத் தொடங்கினார். மறு வருடம் எழுதி முடித்தார். முடித்ததை அச்சுக்குக் கொடுக்கவில்லை. நம்பிக்கையான நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்தார். அவ்வப்போது திருத்திக்கொண்டும் இருந்தார். அவர் 1970-இல் இறந்த பிறகு, 1971-இல்தான் புத்தகம் வந்தது. ஒரு பங்குத் தரகனும் ஒரு வேட்டைக்காட்டுக் காவலாளியும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அதுதான் சிக்கல். ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தாலோ இருவரும் தற்கொலை செய்துகொண்டிருந்தாலோ பிரசுரிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்ற பொருளில் ஃபார்ஸ்டரே 1960-இல் அந்நாவலுக்கு எழுதிய பின்குறிப்பில் சொல்கிறார். மகிழ்ச்சியான முடிவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகத் தன் ஆயுளுக்கும் காத்திருந்தார். இங்கிலாந்தில் ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்தது 1967-இல்.

ஃபார்ஸ்டர் மிகுந்த கூச்ச சுபாவி. அவருடைய நாயகன் மாரிஸ் அப்படியில்லை. தன்னைப் போல் இல்லாத ஒருவனை, திடகாத்திரமான, அதிகம் யோசிக்காத, வியாபாரம் தெரிந்த ஒருவனைத்தான் வேண்டுமென்றே நாயகனாக்கியதாக அதே பின்குறிப்பில் எழுதுகிறார். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தனக்குக் கிடைக்காத முடிவைத் தன்னைப் போன்றவனுக்குக் கொடுக்க அவருக்கே துணிவு வரவில்லையோ என்று தோன்றியது. கூச்சக்காரன் நாயகனாவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆனது.

இப்போது அவன் நிறையவே வருகிறான். பழைய புத்தகக் கடை வைத்திருப்பவன், கால்நடை மருத்துவன், ரொட்டிக் கடைக்காரன், கணக்காளன். என் மேசைக்கு வரும் பிரதிகளில் இவன்தான் அடிக்கடி தென்படுகிறான். மின்நூல் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2007-இல் கிண்டில் வந்த பிறகு, அட்டையை யாருக்கும் காட்டாமல், கல்லாவில் நிற்பவரின் கண்ணைப் பார்க்காமல் புத்தகம் வாங்க முடிந்தது. கூச்சமுள்ள வாசகர்கள் வந்தார்கள்; அவர்களுக்கான நாயகனும் வந்தான். அதற்கு முன் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆர். ராஜ் ராவின் 'த பாய்ஃப்ரெண்ட்' 2003-இல் வெளியானது. சென்னையில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்து, ஒரு சமையல் புத்தகத்துக்குள் வைத்து, நின்றபடியே பகுதி பகுதியாகப் படித்தவன் நான். வாங்கும் தைரியம் வரவில்லை.

ஆனால் கூச்சக்காரனை எழுதுவது கடினம். அந்தக் கடினம்தான் என் தொழிலின் பெரும்பகுதி.

முதல் வரைவுகளில் அவன் பக்கத்துக்குப் பக்கம் முகம் சிவக்கிறான், ஒவ்வொரு வாக்கியத்திலும் திக்குகிறான், கையிலிருப்பதையெல்லாம் கீழே போடுகிறான். பிரதி கைக்கு வந்ததும் நான் முதலில் தேடல் பெட்டியில் 'முகம் சிவந்தது' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டு எத்தனை இடம் என்று பார்ப்பேன். பெரும்பாலானவற்றை வெட்டச் சொல்வேன். முகம் சிவப்பது வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும் விஷயம். கூச்சப்படுகிறவனுக்கு உள்ளே நடப்பது வேறு. ஒரு வாக்கியத்தை அவன் மனத்துக்குள் தயார்செய்கிறான், திருத்துகிறான், மறுபடி திருத்துகிறான். அதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அவன் வாயை மூடிக்கொள்கிறான். சொல்லாமல் விட்ட அந்த வாக்கியம் வாசகனுக்குத் தெரிந்தால் போதும், நாயகன் உயிர்பெற்றுவிடுவான். ஆகவே அவனை உள்ளிருந்தே எழுத வேண்டும். வெளியிலிருந்து மட்டும் காட்டினால் அவன் திமிர்பிடித்தவனாகத் தெரிவான். வாழ்க்கையிலும் எங்களைப் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஓர் அத்தியாயம் இவன் பார்வை, அடுத்த அத்தியாயம் அவன் பார்வை என்று மாற்றி மாற்றி எழுதும் முறை இந்த நாவல்களில் பரவலாக இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். உள்ளே இத்தனை பேசுகிறவன் எதிராளிக்கு எவ்வளவு மௌனமாகத் தெரிகிறான் என்பதை வாசகர் ஒரே சமயத்தில் அறிகிறார். அந்த இடைவெளியில்தான் கதையின் இழுவிசை இருக்கிறது.

இரண்டு பேருமே 'அவன்' என்பதால் இன்னொரு தொல்லை. யார் கை யார் தோளில் என்று வாசகர் குழம்பிவிடக் கூடாது என்று எழுத்தாளர்கள் 'உயரமானவன்', 'மூத்தவன்', 'பொன்னிற முடிக்காரன்' என்று போட்டுத் தள்ளுவார்கள். நான் அடித்துவிடுவேன். காதலிப்பவன் மனத்தில் காதலன் ஒருபோதும் 'உயரமானவன்' ஆக இருக்க மாட்டான். அவனுக்கு ஒரு பெயர் இருக்கும். கூச்சக்காரன் அந்தப் பெயரை மனத்துக்குள் நூறு முறை சொல்லிக்கொள்வான்; வாய்விட்டுச் சொல்ல அவனுக்குப் பாதி நாவல் ஆகும். முதன்முறையாகச் சொல்லும் இடத்தில் வேறு எந்த அலங்காரமும் வேண்டாம் என்று ஓரக்குறிப்பு எழுதுவேன்.

பிறகு, இடம். உணவகத்தில் மேசைக்கு இருபுறமும் உட்காரவைத்து, கண்ணுக்குக் கண் பார்த்துக் காதலைச் சொல்லவைக்கும் காட்சிகள் ஏராளமாக வரும். கூச்சக்காரன் அங்கே சொல்ல மாட்டான். கையில் வேலையும் கண்ணுக்கு வேறு ஏதாவதும் இருந்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும். பாத்திரம் கழுவும்போது, ஒருவர் வண்டி ஓட்ட மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, இருட்டில் மொட்டைமாடியில். காட்சியை மேசையிலிருந்து சமையலறைத் தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள் என்று நான் பல எழுத்தாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். மாற்றியவர்களுக்கு வசனம் தானாகவே சுருங்கியது.

கண்ணின் நிறம், தழும்பு எந்தக் கையில், செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாள் எப்படி வெள்ளியானது, இவற்றைக் குறித்துவைக்கும் தாள் ஒன்று ஒவ்வொரு நாவலுக்கும் உண்டு. அது எல்லாப் பிழைதிருத்துநரும் செய்வது.

நான் உண்மையில் சண்டைபோடுவது வேறு ஒரு விஷயத்துக்கு. நாவலின் முக்கால் பங்கில் காதலர்கள் பிரிவார்கள். பிரிவுக்குக் காரணம் இவன் கூச்சம் என்று வைத்திருப்பார்கள். பிறகு நண்பர்கள் இவனைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மேடையில் ஏற்றுவார்கள். ஊர்த் திருவிழாவோ கல்யாண விருந்தோ ஏதோ ஒன்று. ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் இவன் தன் காதலை அறிவிப்பான். ஊரே கைதட்டும். கூச்சம் போயிற்று, காதல் வந்தது, முற்றும். எனக்கு இது பொறுப்பதில்லை. கூச்சத்தை நோயாக்கி, காதலை அதற்கு மருந்தாக்கிவிடுகிறது இந்த முடிவு. நூறு பேர் முன்னால் பேசத் தெரியாதவன் காதலுக்குத் தகுதியற்றவன் என்று சொல்லாமல் சொல்கிறது.

ஒருமுறை இப்படியொரு பிரதி வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். நாயகன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். வீடுவீடாகப் போய் வேலையை முடித்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்புகிறவன். முடிவில் அதே மேடை, அதே ஒலிவாங்கி, மூன்று பக்கப் பேச்சு. என்னோடு வாழ்கிறவர் அதைத் திரையில் படித்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு பேசறவனுக்கு எங்க கூச்சம்?" என்றார். அதைத்தான் கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்கு எழுதினேன். இந்த மனிதன் காது கொடுப்பவன் என்று முந்நூறு பக்கம் காட்டியிருக்கிறீர்கள், கடைசியில் ஏன் அவனை வாய் ஆக்குகிறீர்கள் என்று கேட்டேன். பதில் வர நாளானது. வந்தபோது முடிவை மாற்றியிருந்தார். காதலனின் வீட்டில், இறந்துபோன அவன் தாயின் பியானோ வருடக்கணக்காகத் திறக்கப்படாமல் கிடக்கிறது. சுருதிக்காரன் அதன் முன் நின்று, "திறக்கட்டுமா?" என்று மட்டும் கேட்கிறான். அதுதான் அவன் காதலைச் சொன்னது. மற்றவனுக்கும் அது புரிகிறது. நான் அந்தப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

இந்த நாவல்களை எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் அதிகம். ஆண்களின் காதலைப் பெண்கள் எப்படி எழுதலாம் என்ற கேள்வி அந்த உலகில் நெடுநாளாக உண்டு. கேள்வி நியாயமானதுதான். வெறும் பொம்மைகளாக ஆண்களை ஆட்டிவைக்கும் பிரதிகளும் என் கையில் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஆண்களே எழுதியிருந்தார்கள். அந்தச் செவிலியர் அம்மா எத்தனையோ இரவுகள் நோயாளிகளின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அமைதியான ஆளை அவர் அறிவார்.

கூச்சத்தையும் பயத்தையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்த வகை எழுத்தில் நான் காணும் பெரிய குறை. கூச்சம் ஒருவனுடைய இயல்பு. பயம் வெளியிலிருந்து ஏற்றப்பட்டது. மாரிஸுக்குக் கூச்சம் இல்லை, சட்டத்தின் பயம் இருந்தது. டி.ஜே. க்ளூன் 2020-இல் வெளியிட்ட 'த ஹவுஸ் இன் த செருலியன் ஸீ' நாவலின் லைனஸ் பேக்கருக்கு நேர்மாறு. நாற்பது வயது, தனி வீடு, ஒரு பூனை, பழைய இசைத்தட்டுகள், ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் வேலை. அவர் ஆணை விரும்புவது அந்த உலகில் யாருக்கும் பிரச்சினையே இல்லை. அவருடைய தனிமை சுபாவத்தால் வந்தது. ஒரு தீவில் உள்ள குழந்தைகள் இல்லத்தை ஒரு மாதம் ஆய்வுசெய்ய அனுப்பப்படுகிறார். அதை நடத்தும் ஆர்தரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். அதை அவர் எங்கே வெளிப்படுத்துகிறார் தெரியுமா? மேலதிகாரிகளுக்கு அனுப்பும் வாராந்தர அறிக்கைகளில். விறைப்பான அலுவலக மொழி வாரத்துக்கு வாரம் இளகிக்கொண்டே வருகிறது. கூச்சக்காரனின் காதல் அப்படித்தான் கசியும். அந்த எழுத்தாளருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆலிஸ் ஓஸ்மான் 2016-இல் இணையச் சித்திரக்கதையாகத் தொடங்கிய 'ஹார்ட்ஸ்டாப்பர்' (2022-இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் வந்தது) இன்னும் நுட்பமானது. அதில் வரும் சார்லி எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பான். பள்ளியில் மற்றவர்கள் அவனைப் படுத்திய பாடு அந்த வார்த்தையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கூச்சமே அல்ல, காயம். அவன் காதலன் நிக்கின் அன்பு அந்தக் காயத்தைத்தான் தொடுகிறது. சார்லியின் மென்மையை மாற்ற அவன் முயல்வதில்லை.

கூச்சத்தையும் பயத்தையும் பிரித்தறிய எனக்கு எங்கள் நாட்டுச் சட்டம்தான் கற்றுக்கொடுத்தது. நான் தென்மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்தேன். அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கினேன். பெண் பார்க்கும் பேச்சு வரும்போதெல்லாம், "அவனுக்குக் கூச்ச சுபாவம், கொஞ்சம் போகட்டும்" என்று அம்மா சமாளித்துவிடுவார். கூச்சம் எனக்கு நல்ல மறைவிடமாக இருந்தது. அதனால், நான் பேசாமலிருப்பதெல்லாம் பயத்தால்தான், பயம் போனால் நானும் கலகலப்பாக ஆகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2018 செப்டம்பர் 6 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் வீச்சை உச்ச நீதிமன்றம் சுருக்கியது. மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமில்லை என்றானது. ஆங்கிலேயர் 1860-இல் எழுதிவைத்த பயம் ஒன்று என் தோளிலிருந்து இறங்கியது. கூச்சம் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது. அறிமுகமில்லாதவருக்குப் போன் செய்யுமுன் பேச வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொள்கிறேன். அன்றுதான், இது என்னுடையது, இதோடு சேர்த்துத்தான் ஒருவர் என்னை நேசிக்க வேண்டும் என்று தெளிந்தது.

நேசிக்க ஒருவர் வந்தார். நிறையப் பேசுகிறவர். கல்யாண வீடுகளில் எனக்கும் சேர்த்து அவரே எல்லோரிடமும் நலம் விசாரித்துவிடுவார். என்னைப் பேசவைக்க அவர் ஒருநாளும் முயன்றதில்லை. ராத்திரி பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் நின்று துடைத்து வைப்பார். அப்போது நான் பேசுவேன். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு நாங்கள் வாடகையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு பேச்சுலர்கள். கீழ்வீட்டு அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பொங்கலுக்கு ஒரே பாத்திரத்தில்தான் கொடுத்தனுப்புகிறார்.

இந்த வாழ்க்கையை நான் படித்த தமிழ்க் கதைகளில் பார்த்ததில்லை. ஆண்களுக்கிடையிலான உறவு தமிழுக்குப் புதிதல்ல. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978-லேயே அதைத் தொட்டது. ஆனால் அது பசியின் கதை, காதலின் கதை அல்ல. கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' 1994-இல் வந்தது. அதில் தமிழ்ச் சிறுவன் அர்ஜிக்கு ஷெஹானோடு காதல் மலர்கிறது. 1983 கலவரம் வீட்டை எரிக்கிறது, குடும்பம் கனடாவுக்குப் போகிறது, காதல் அங்கேயே நின்றுவிடுகிறது. கன்னடத்தில் வசுதேந்திரா 2013-இல் வெளியிட்ட 'மோகனசாமி' கதைகளில் எனக்கு மிக நெருக்கமான ஒருவன் இருக்கிறான். ஒடுங்கிப்போன, ஊரின் கேலிக்கு ஆளான, கூட வாழ்ந்தவன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மோகனசாமி. கடைசிக் கதையில் அவன் கிளிமஞ்சாரோ மலை ஏறுகிறான். பெரிய புத்தகம். ஆனாலும் அவன் துணைவன் இல்லாமல்தான் ஏறுகிறான். இவையெல்லாம் நடந்ததை உள்ளபடி சொன்ன எழுத்துகள், நான் மதிக்கிறேன். இவற்றுக்குப் பக்கத்தில், இருவரும் சேர்ந்து இறங்கி வருகிற கதைக்கும் இடம் வேண்டும்.

சேர்வது என்றால் நம் எழுத்தாளர்களுக்குத் தாலிதான் நினைவுக்கு வரும். இரண்டு ஆண்களுக்குச் சட்டப்படி அது இங்கே இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது. அதனால் கதை முடிய வழியில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் மேசைக்கு வரும் நாவல்களில் கல்யாணத்தில் முடியாதவை நிறைய. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்தோடு முடியலாம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் ஒரு பெயரோடு முடியலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அரசு நூலகத்தில் வேலை பார்ப்பவனோ, மின்வாரிய ஊழியனோ, ஜெராக்ஸ் கடைக்காரனோ, அதிகம் பேசாத ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஓர் ஆணின்மேல் காதல் வரட்டும். அவனைக் கொல்லாதீர்கள், ஊரைவிட்டு ஓடவைக்காதீர்கள், மேடையேற்றிப் பேசவைக்காதீர்கள். கடைசிவரை கூச்சக்காரனாகவே இருக்கவிட்டு, அவனுக்கு ஒருவனைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மெய்ப்பு பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.